டீன் என்றால் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனை வராந்தாவில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்காது. "டீன் ரவுண்ட்ஸ் வர்றார், எழுந்திரிங்க" என்று ஒரு குரல் கேட்கும். பாய் சுருட்டப்படும், தூக்குவாளி கட்டிலுக்கு அடியில் போகும், ஒரு நோயாளிக்கு ஒருவர் போக மீதிப் பேர் வெளியே அனுப்பப்படுவார்கள். டீன் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே யாரையாவது கேட்டால் "பெரிய டாக்டர்" என்பார்கள். லண்டனில் கேட்டால் "பெரிய பாதிரியார்" என்பார்கள். ஐஐடியில் கேட்டால் "இயக்குநருக்குக் கீழே இருக்கும் பேராசிரியர்" என்று பதில் வரும். எல்லாமே சரிதான். ஒரே பட்டம் இத்தனை இடத்துக்கு எப்படிப் போனது என்று என்னிடம் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

டீன் என்ற சொல்லின் நேர்ப்பொருள் என்ன?

பத்துப் பேருக்குத் தலைவன். அவ்வளவுதான். லத்தீனில் தெக்கெம் என்றால் பத்து. அதிலிருந்து தெக்கானுஸ், பத்துப் பேரை மேய்ப்பவன். பழைய பிரெஞ்சில் அது தேய்ந்து தெயென் ஆனது. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அவர்களுடைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து, இன்னும் தேய்ந்து, ஒற்றை அசையாக நிற்கிறது. டிசம்பர் மாதத்தின் பெயரும் இதே வேர்தான். பழைய ரோமானியக் கணக்கில் ஆண்டு மார்ச்சில் தொடங்கும், டிசம்பர் பத்தாவது மாதம்.

வடமொழியில் பத்தைக் குறிக்கும் 'தச' என்பதும் லத்தீனின் தெக்கெமும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. அந்த வகையில் நம் தசமிக்கும் டீனுக்கும் தூரத்து உறவு உண்டு.

எந்தப் பத்துப் பேர்?

முதலில் படைவீரர்கள். ரோமானியப் படையில் ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் சிறு குழு ஒன்று உண்டு. பேரரசின் நல்ல காலத்தில் அதில் எட்டுப் பேர் இருந்தார்கள். 4-ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ அதற்குச் சற்றுப் பிறகோ போர்க்கலை பற்றி எழுதிய வெஜீஷியஸ், பத்து வீரர்களுக்குப் பொறுப்பானவர்களை தெக்கானுஸ் என்று குறிப்பிட்டுவிட்டு, இப்போது அவர்களைக் கூடாரத் தலைவர்கள் என்கிறார்கள் என்று சேர்த்துச் சொல்கிறார். அவர் காலத்திலேயே படைக்குள் அந்தப் பெயர் பழசாகிவிட்டது என்று தெரிகிறது.

இவனைத் தளபதி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நூற்றுவர் தலைவனுக்கும் கீழே, வீரர்களோடு வீரனாகத் தரையில் படுக்கிறவன். யார் காவலுக்குப் போனான், யாருடைய செருப்பு வார் அறுந்தது, கழுதை தின்றதா என்று பார்ப்பவன். நம் ஊரில் இவனுக்கு ஈடு தேடினால் கட்டட வேலையில் இருக்கும் மேஸ்திரிதான் கிடைப்பார். வேடிக்கை என்னவென்றால் மேஸ்திரி என்பதும் லத்தீன் வழி வந்த பட்டம். மகிஸ்தெர் என்ற லத்தீன் சொல், போர்ச்சுக்கீசியத்தில் மெஸ்த்ரே ஆகி, நம் கரையில் இறங்கிச் சாரம் ஏறிவிட்டது. மகிஸ்தெர் என்றால் ஆசிரியர், தலைவர். பத்துப் பேர் தலைவன் பல்கலைக்கழகத்துக்குப் போனான், ஆசிரியர் சித்தாள்களுக்குக் கணக்குப் பார்க்க வந்தார்.

பைபிளில் டீன் வருகிறாரா?

லத்தீன் பைபிளில் வருகிறார். யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் மோசே காலையிலிருந்து மாலைவரை ஒற்றை ஆளாக உட்கார்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்துக்கொண்டிருப்பார். பார்க்க வந்த மாமனார் எத்திரோவுக்கு அது பிடிக்காது. இப்படியே போனால் நீரும் சோர்ந்துபோவீர், மக்களும் சோர்ந்துபோவார்கள், ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களைப் போடும், சின்ன வழக்குகளை அவர்களே பார்க்கட்டும் என்று யோசனை சொல்வார். ஜெரோம் 400-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இதை லத்தீனில் பெயர்த்தபோது, அந்தப் பத்துப் பேர் தலைவர்களுக்குப் போட்ட சொல் தெக்கானுஸ். இடைக்கால ஐரோப்பியத் துறவிகள் வாசித்தது அந்த லத்தீன் பைபிள்தான். ஆகவே படைமுகாமிலிருந்து வந்த சொல்லுக்கு வேத அங்கீகாரமும் கிடைத்துவிட்டது.

சரி, தேவாலயத்துக்குள் எப்படி நுழைந்தது?

துறவிமடங்களின் வழியாக. எகிப்தியப் பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான துறவிகள் சேர்ந்து வாழத் தொடங்கியபோது, அத்தனை பேரை ஒரே ஆள் பார்த்துக்கொள்வது முடியாத காரியம். அதே ஜெரோம் 384-ல் எழுதிய ஒரு கடிதத்தில் அங்கே நடந்த ஏற்பாட்டைச் சொல்கிறார். துறவிகளைப் பத்துப் பத்தாகவும் நூறு நூறாகவும் பிரித்திருந்தார்கள், ஒன்பது பேருக்குப் பத்தாவது ஆள் பொறுப்பு. ஒவ்வொருவருக்கும் அன்றாடம் இவ்வளவு வேலை என்று உண்டு. முடைந்த பாயோ கூடையோ, முடித்ததை தெக்கானுஸிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைப் பண்டகசாலைக்காரரிடம் சேர்ப்பார். பண்டகசாலைக்காரர் மாதம் ஒருமுறை எல்லாருக்கும் தலைவரான மடத்துத் தந்தையிடம் நடுங்கிக்கொண்டே கணக்கு ஒப்பிப்பார். நடுக்கம் ஜெரோமே சொன்னது, என் சேர்க்கை இல்லை.

அப்புறம் இத்தாலியில் பெனடிக்ட். 6-ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய மடத்து ஒழுங்குமுறையில் 21-ஆம் அதிகாரம் முழுக்க டீன்களைப் பற்றியது. மடம் பெரிதாக இருந்தால் நல்ல பெயரும் நல்ல நடத்தையும் உள்ள சகோதரர்களை டீன்களாக்க வேண்டும். மூப்பு வரிசை பார்க்கக் கூடாது, தகுதியையும் அறிவையும்தான் பார்க்க வேண்டும். மடாதிபதி தன் சுமையில் பாதியை நம்பி இறக்கிவைக்கக் கூடியவர்களாக இருக்க வேண்டும். ஒரு டீனுக்குத் தலைக்கனம் வந்துவிட்டால் ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை கண்டிக்க வேண்டும், அதற்கும் திருந்தாவிட்டால் இறக்கிவிட்டு வேறொருவரைப் போட வேண்டும்.

அடுத்த அதிகாரம் தூங்குவதைப் பற்றி. எல்லாரும் ஒரே கூடத்தில் படுக்க இடம் இல்லாவிட்டால், பத்துப் பத்தாகவோ இருபது இருபதாகவோ, கவனித்துக்கொள்ள ஒரு மூத்தவரோடு படுக்க வேண்டும், விடியும்வரை விளக்கு எரிய வேண்டும். ரோமானியக் கூடாரம் அப்படியே மடத்துக்குள் வந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது 65-ஆம் அதிகாரம். மடத்துக்கு ஒற்றைத் துணைத்தலைவரை நியமித்தால் அவர் தன்னை இரண்டாவது மடாதிபதியாக நினைத்துக்கொண்டு சண்டை மூட்டுகிறார் என்று பெனடிக்ட் புலம்புகிறார். அதனால் பல டீன்கள் வழியாக நிர்வாகம் நடப்பதே நல்லது, பொறுப்பு பலரிடம் இருந்தால் ஒருவருக்கும் ஆணவம் ஏறாது என்பது அவர் கணக்கு. 1,500 ஆண்டுகளுக்கு முந்தைய அலுவலக அரசியல்.

பிணம் சுமப்பவர்களுக்கும் இந்தப் பெயர் இருந்ததாமே?

இருந்தது. கான்ஸ்டான்டினோபிளில் நல்லடக்க வேலை செய்த ஒரு பிரிவினரை தெக்கானுஸ் என்று அழைத்தார்கள். ஜஸ்டினியன் பேரரசரின் சட்டங்களில் அவர்கள் வருகிறார்கள். அந்தக் கிளை அங்கேயே முடிந்துவிட்டது. இன்றைய டீன்கள் யாரும் அந்த வம்சம் இல்லை.

பத்துத் துறவிகளின் தலைவர் பேராலயத்துக்கே தலைவரானது எப்படி?

பேராலயம் என்பது பிஷப்பின் இருக்கை இருக்கும் கோவில். பிஷப் மறைமாவட்டம் முழுக்கச் சுற்றுபவர். அன்றாடப் பூசை, பாட்டு, நிலபுலன், பழுதுபார்ப்பு இதையெல்லாம் கவனிக்க அங்கேயே இருக்கும் குருக்கள் குழு வேண்டும். அவர்களுக்குக் கேனன்கள் என்று பெயர். 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் இவர்களும் துறவிகளைப் போல ஒரே பந்தியில் சாப்பிட்டு, ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டும் என்று விதிகள் எழுதப்பட்டன. துறவிமட மாதிரியில் எழுதப்பட்ட விதிகள் என்பதால் மடத்துப் பட்டங்களும் கூடவே வந்தன.

ஐரோப்பாவின் பல பேராலயங்களில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். ப்ரவோஸ்ட் சொத்தைப் பார்ப்பார், டீன் உள்வீட்டு ஒழுக்கத்தையும் வழிபாட்டையும் பார்ப்பார். சொத்துக்காரர் வரவுசெலவு, வழக்கு, பிரபுக்களோடு பேச்சுவார்த்தை என்று வெளியே போய்க்கொண்டே இருக்க, தினமும் கோவிலில் நின்ற டீன் மெல்ல மெல்லத் தலைவர் ஆகிவிட்டார். எல்லா ஊரிலும் இப்படி நடக்கவில்லை, சில இடங்களில் ப்ரவோஸ்டே மேலே நின்றார். ஆனால் நார்மானியர்கள் இங்கிலாந்தில் பேராலயங்களை ஒழுங்குபடுத்தியபோது சால்ஸ்பரி போன்ற இடங்களில் டீன்தான் முதல் ஆள். அதற்குள் எண்ணிக்கை மறந்துபோயிற்று. அவருக்குக் கீழே இருப்பவர்கள் பத்துப் பேரா ஐம்பது பேரா என்று யாரும் எண்ணவில்லை.

இரண்டாவது பெரிய தள்ளு எட்டாம் ஹென்றியிடமிருந்து வந்தது. அவர் மடங்களைக் கலைத்தபோது, துறவிகள் நடத்திவந்த காண்டர்பரி போன்ற பேராலயங்களில் மடத்துத் தலைவருக்குப் பதிலாக டீனை நியமித்தார். காண்டர்பரியில் இது 1541-ல் நடந்தது.

ஆங்கிலப் பேராலயங்களில் பாடகர் குழு எதிரெதிராக இரண்டு பக்கமாக நிற்கும். தெற்குப் பக்கத்துக்கு 'டீனுடைய பக்கம்' என்று பொருள்படும் லத்தீன் பெயர், வடக்குப் பக்கத்துக்கு 'பாடகருடைய பக்கம்'. டீனின் இருக்கை தெற்கே இருந்ததால் வந்த பழக்கம். இன்றும் இசைத்தாளில் எந்தப் பக்கம் எந்த வரியைப் பாட வேண்டும் என்று இந்தப் பெயர்களால்தான் குறிக்கிறார்கள்.

பிஷப் பெரியவரா, டீன் பெரியவரா?

பதவி வரிசையில் பிஷப்தான். ஆனால் பிஷப்பின் இருக்கை டீனுடைய வீட்டில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேராலயத்துக்குள் நிர்வாகம் டீனுடையது. நம் ஊர்க் கூட்டுக்குடும்பம் பார்த்தவர்களுக்கு இதில் எத்தனை உரசல் வரும் என்று விளக்கத் தேவையில்லை.

பிஷப்பே இல்லாத டீன்களும் உண்டு. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தை 1560-ல் முதலாம் எலிசபெத் அரசி நேராகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அதன் டீன் எந்தப் பிஷப்புக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, நேரடியாக மன்னருக்கு மட்டும்தான். முடிசூட்டு விழாவில் முடி வைப்பவர் காண்டர்பரி பேராயர், பக்கத்தில் நின்று உதவுபவர் இந்த டீன்.

பிஷப் என்ற சொல்லின் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு மேற்பார்வை பார்ப்பவர் என்று பொருள். பழைய தமிழ் பைபிளில் 'கண்காணி' என்றே போட்டிருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் அதே சொல்தான். பொருளை மட்டும் பார்த்தால் ஒரு மறைமாவட்டத்தை நடத்துபவர்கள் கங்காணியும் மேஸ்திரியும்.

பெயர் பெற்ற டீன்கள் யாராவது?

இரண்டு எழுத்தாளர்கள் உடனே நினைவுக்கு வருகிறார்கள். கவிஞர் ஜான் டன் 1621-லிருந்து 1631-ல் இறக்கும்வரை லண்டன் புனித பவுல் பேராலயத்தின் டீன். சாவதற்குமுன் பிணத்துக்குச் சுற்றும் துணியைத் தானே சுற்றிக்கொண்டு நின்று தன்னைப் படம் வரையச் சொன்னார். அந்தப் படத்தை வைத்துச் செதுக்கிய கல் உருவம் பேராலயத்தில் வைக்கப்பட்டது. 1666-ல் லண்டனே எரிந்தபோது பழைய பேராலயமும் போனது, இந்தச் சிலை மட்டும் பிழைத்துக்கொண்டது. இன்றைய பேராலயத்தில் அதைப் பார்க்கலாம்.

இன்னொருவர் ஜோனதன் ஸ்விஃப்ட், கலிவரைக் குள்ளர்கள் தீவுக்கு அனுப்பியவர். இங்கிலாந்தில் ஏதாவது நல்ல பதவி கிடைக்கும் என்று காத்திருந்தவருக்கு 1713-ல் டப்ளின் புனித பாட்ரிக் பேராலய டீன் பதவிதான் கிடைத்தது. நாடு கடத்திவிட்டார்கள் என்கிற மாதிரி எடுத்துக்கொண்டு போனார். ஆனால் 1722-ல் மட்டமான செப்புக்காசுகளை அயர்லாந்தின் தலையில் கட்ட ஒருவருக்கு உரிமம் கொடுக்கப்பட்டது. 1724-ல் துணிக்கடைக்காரர் என்ற புனைபெயரில் கடிதங்கள் எழுதிக் காசையே திரும்பப் பெறவைத்தார். எழுதியவரைக் காட்டிக்கொடுத்தால் 300 பவுண்டு என்று அறிவித்தார்கள். எழுதியது யார் என்று டப்ளினுக்கே தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. 1745-ல் இறக்கும்வரை அவர் அங்கேதான் டீன்.

பல்கலைக்கழகத்துக்கு எப்போது போனார் டீன்?

போகவே இல்லை, பல்கலைக்கழகம்தான் தேவாலயத்திலிருந்து வெளியே வந்தது. பாரிஸ் பல்கலைக்கழகம் நோத்ர தாம் பேராலயத்தைச் சுற்றியிருந்த பள்ளிகளிலிருந்து வளர்ந்தது. பாடம் சொல்லித்தர அனுமதி கொடுத்தவர் பேராலயத்தின் சான்சலர். வாத்தியார், மாணவர் எல்லாருமே குருக்கள் கணக்கில்தான் சேர்த்தி. அதனால் 13-ஆம் நூற்றாண்டில் ஆசிரியர்கள் இறையியல், திருச்சபைச் சட்டம், மருத்துவம் என்று புலம் புலமாகப் பிரிந்தபோது, தலைவருக்குப் புதுப் பெயர் தேடாமல் தெரிந்த பெயரையே வைத்துக்கொண்டார்கள். இந்த மூன்று மேல்புலங்களுக்கும் டீன்கள். கலைப்புலத்துக்கு மட்டும் ரெக்டர். ஆள் எண்ணிக்கையில் கலைப்புலம் மிகப் பெரியது என்பதால் அந்த ரெக்டரே போகப்போக முழுப் பல்கலைக்கழகத்துக்கும் தலைவராகிவிட்டார். ஐரோப்பாவில் பல நாடுகளில் பல்கலைக்கழகத் தலைவர் ரெக்டர், புலத்தலைவர் டீன் என்று இன்றுவரை இருப்பதற்கு வேர் அங்கேதான்.

மருத்துவப் புலத்துக்கு டீன் என்பது அவ்வளவு பழையது என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

ஒரே ஆள் பேராலயத்துக்கும் கல்லூரிக்கும் டீனாக இருக்க முடியுமா?

ஆக்ஸ்ஃபோர்டில் கிறைஸ்ட் சர்ச் அப்படித்தான். 1546-ல் எட்டாம் ஹென்றி கல்லூரியையும் மறைமாவட்டப் பேராலயத்தையும் ஒன்றாக்கி ஒரே தலைவரைப் போட்டார். இன்றும் டீன் என்பவர் பேராலயத்துக்குப் பெரியவர், கல்லூரிக்கும் தலைவர். 1855 முதல் 1891 வரை அங்கே டீனாக இருந்த ஹென்றி லிடல், கிரேக்க அகராதி தொகுத்தவர். ஆனால் உலகம் அவருடைய மகளைத்தான் அறியும். அதே கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒருவர் 1862-ல் ஒரு படகுச் சவாரியில் டீன் வீட்டுச் சிறுமிகளுக்குச் சொன்ன கதையில் முயல் வளைக்குள் விழுந்த ஆலிஸ், லிடலின் மகள்.

ஆக்ஸ்ஃபோர்டின் மற்ற கல்லூரிகளில் டீன் என்றால் வேறு. ராத்திரி சத்தம் போட்ட மாணவனைக் கூப்பிட்டு அபராதம் போடுகிறவர். கேம்பிரிட்ஜில் பல கல்லூரிகளில் சிற்றாலயப் பொறுப்பாளர். இரண்டுமே பழைய மடத்து வேலையின் பாதிப்பாதி: ஒருவருக்கு ஒழுக்கம், ஒருவருக்கு வழிபாடு.

அமெரிக்காவில் ஏன் எங்கு பார்த்தாலும் டீன்?

ஹார்வர்டு 1870-ல் தன் கல்லூரிக்கு முதல் டீனை நியமித்தது. தலைவருக்கு வேலை அதிகமாகி, மாணவர் விவகாரத்தைப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. மோசேயும் மாமனாரும் கதைதான். பிறகு மாணவர் டீன், சேர்க்கை டீன், ஆராய்ச்சி டீன் என்று குட்டிபோட்டுப் பெருகியது. நம் ஐஐடிகளும் தனியார் பொறியியல் கல்லூரிகளும் இந்த வகை. இங்கே டீன் என்பவர் இயக்குநருக்கோ முதல்வருக்கோ கீழே ஒரு துறையின் பொறுப்பாளர்.

கத்தோலிக்கத் திருச்சபையில் டீன் உண்டா?

உண்டு, நம்மிடையே வேறு பெயரில் இருக்கிறார். சில பங்குகளைச் சேர்த்து ஒரு வட்டமாக்கி, அதற்கு ஒரு குருவைப் பொறுப்பாக்குவார்கள். தமிழகத்தில் மறைவட்டம், மறைவட்ட அதிபர் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் மறைக்கோட்டம், மறைக்கோட்ட முதல்வர். திருச்சபைச் சட்டம் இவரை டீன் என்றும் அழைக்கலாம் என்கிறது.

மேலே போனால் கர்தினால்கள் குழுவுக்கு ஒரு டீன். பாரம்பரியமாக ஓஸ்தியா மறைமாவட்டம் அவர் பெயரில் இருக்கும். மற்றக் கர்தினால்கள்மீது அவருக்கு ஆட்சி அதிகாரம் கிடையாது, சமமானவர்களில் முதல்வர், அவ்வளவே. ஆனால் திருத்தந்தை இறந்தால் எல்லாக் கண்களும் இவர் பக்கம் திரும்பும். 2005-ல் இரண்டாம் ஜான் பாலின் அடக்கத் திருப்பலியை நடத்திய டீன் ஜோசப் ராட்சிங்கர், சில நாளில் தானே 16-ஆம் பெனடிக்ட் ஆனார். 2025 ஏப்ரலில் பிரான்சிஸின் அடக்கத்தை நடத்தியவரும் அப்போதைய டீன், கர்தினால் ஜொவான்னி பத்திஸ்தா ரே. அவர் 80 வயதைத் தாண்டியவர் என்பதால் அதற்குப் பிறகு நடந்த தேர்தல் அறைக்குள் நுழைய முடியவில்லை, உள்ளே வேறொரு கர்தினால் தலைமை தாங்கினார். முன்பெல்லாம் டீன் பதவி சாகும்வரை. 2019 கடைசியில் பிரான்சிஸ் அதை ஐந்தாண்டுப் பதவியாக்கினார், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம்.

துவாயென் என்று சிலரைச் சொல்கிறார்களே, அது வேறா?

அதே சொல்தான், தேயாத பிரெஞ்சு வடிவம். ஒரு துறையில் மூத்தவர் என்ற பொருளில் ஆங்கிலம் அதை மறுபடி கடன் வாங்கியது. ஒரு தலைநகரில் இருக்கும் வெளிநாட்டுத் தூதர்களில் அதிக காலம் பணியாற்றியவரும் தூதர் குழாமின் டீன் அல்லது துவாயென். பல கத்தோலிக்க நாடுகளில் மூப்பைப் பார்க்காமல் வத்திக்கான் தூதருக்கே அந்த இடம். 1961 வியன்னா உடன்படிக்கையும் அந்த வழக்கத்தை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டது.

நம் மருத்துவக் கல்லூரித் தலைவர் ஏன் டீன்?

கலைக் கல்லூரித் தலைவர் முதல்வர், மருத்துவக் கல்லூரித் தலைவர் டீன். ஒரு காரணம் நான் மேலே சொன்னது: மருத்துவம் ஐரோப்பாவில் பல்கலைக்கழகத்தின் ஒரு புலமாகவே வளர்ந்தது, புலத்தலைவர் டீன். தமிழக அரசு மருத்துவக் கல்லூரிகளில் டீன் கல்லூரிக்கும் அதோடு சேர்ந்த மருத்துவமனைக்கும் சேர்த்துத் தலைவர். அதனால்தான் படிக்காதவர்களுக்கும் அந்தப் பட்டம் தெரிகிறது. கேரளத்தில் கல்லூரிக்குப் பிரின்சிபல், மருத்துவமனைக்கு சூப்பரின்டென்டென்ட் என்று பிரித்துவைத்திருக்கிறார்கள், அங்கே டீன் என்றால் தெருவில் யாருக்கும் ஒன்றும் தோன்றாது.

தமிழில் எப்படிச் சொல்வது?

இங்கேதான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. 'முதல்வர்' என்று போடுகிறார்கள். ஆனால் "முதல்வர் மருத்துவமனையில் திடீர் ஆய்வு" என்று தலைப்பு வந்தால், கோட்டையிலிருந்து வந்தாரா, மாடியிலிருந்து இறங்கி வந்தாரா? இலங்கையில் மாநகர முதல்வர் என்றால் மேயர். பல்கலைக்கழகங்கள் 'புலமுதன்மையர்', 'புலத்தலைவர்' என்று வைத்திருக்கின்றன. துல்லியமான சொற்கள்தான், அலுவலக ஆணைகளுக்குப் பொருந்தும். மருத்துவமனை வராந்தாவில் "புலமுதன்மையர் வருகிறார்" என்று கத்தினால் ஒருவர்கூடப் பாயைச் சுருட்ட மாட்டார்.

இலங்கைத் தமிழ் 'பீடாதிபதி' என்கிறது. புலம் அங்கே பீடம், ஆகவே கலைப்பீடாதிபதி, மருத்துவ பீடாதிபதி. தேசிய கல்வியியற் கல்லூரித் தலைவருக்கும் அதே பெயர். தமிழ்நாட்டுக்காரர் காதில் பீடாதிபதி என்று விழுந்தால் காவியும் தண்டமும் கண்முன் வரும், காரணம் இங்கே அது மடத்துத் தலைவருக்கான சொல். முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், டீன் என்ற சொல்லே மடத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்ததுதானே? அந்தப் பயணம் முழுவதையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழிபெயர்ப்பு இதுதான். என்னைக் கேட்டால் பேச்சுக்கு டீன், எழுத்துக்குப் பீடாதிபதி.

சான்சலர், ரெக்டர், பிரின்சிபல் எல்லாம் இதே மாதிரி வந்தவையா?

எல்லாம் லத்தீன்தான். ரெக்டர் என்றால் நெறிப்படுத்துபவர், நம் ஊர் இயேசு சபைக் கல்லூரிகளில் அதிபர். ப்ரவோஸ்ட் என்றால் முன்னே வைக்கப்பட்டவர். பிரின்சிபல் என்றால் முதலாமவர், நம் 'முதல்வர்' அதற்கு அச்சான சொல். சான்சலர்தான் சுவாரசியம். லத்தீனில் கன்கெல்லி என்றால் கம்பித் தடுப்பு. நீதிமன்றத்தில் அந்தத் தடுப்பருகே நின்ற சேவகனுக்கும் எழுத்தனுக்கும் கன்கெல்லாரியுஸ் என்று பெயர். அவன் அரசவைச் செயலராகி, பேராலயச் செயலராகி, பல்கலைக்கழகத்துக்கு வந்து, தமிழில் நேரே 'வேந்தர்' ஆகிவிட்டான். கிராதிக் காவலாளிக்கு நாம் கொடுத்த பதவி உயர்வு மாதிரி வேறு எந்த மொழியும் கொடுத்திருக்காது. டீனுக்கு அந்த யோகம் இல்லை.

டீக்கனும் டீனும் உறவா?

இல்லை. டீக்கன் கிரேக்கச் சொல், பணிவிடை செய்பவர் என்று பொருள். கத்தோலிக்கர் 'திருத்தொண்டர்' என்று சரியாகப் பெயர்த்திருக்கிறார்கள். ஒலி ஒற்றுமை தற்செயல்.

ஜாதகத்தில் வரும் திரேக்காணத்துக்கும் டீனுக்கும் தொடர்பு என்கிறார்களே, கதையா?

கதை இல்லை. ஒரு ராசிக்கு 30 பாகை. அதை மூன்றாகப் பிரித்தால் பத்துப் பத்துப் பாகை, 12 ராசிக்கும் சேர்த்து 36. எகிப்திலிருந்து வந்த இந்த 36 பிரிவுகளுக்கும் அதிபதிகள் உண்டு. பத்துப் பாகைக்கு அதிபதி என்பதால் கிரேக்கர் அவற்றை தெகானோஸ் என்றார்கள். கிரேக்கச் சோதிடம் இந்தியாவுக்கு வந்தபோது அந்தச் சொல் வடமொழியில் த்ரேக்காணம் ஆகி, தமிழ்ச் சோதிடர்களிடம் திரேக்காணம் ஆயிற்று. கிரேக்க தெகானோஸும் லத்தீன் தெக்கானுஸும் ஒரே சொல்லின் இரண்டு உடைகள். மருத்துவமனைக்கு டீன் வருவதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன்பே அவருடைய பங்காளி நம் ஜாதகக் கட்டத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பெண்ணாக இருந்தால்?

டீன்தான். ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச்சில் 2023-ல் முதல்முறையாக ஒரு பெண், வரலாற்றாசிரியர் சாரா ஃபுட், டீனாகப் பதவியேற்றார். நம் மருத்துவக் கல்லூரிகளில் பெண் டீன்கள் புதுமை இல்லை. 'டீனம்மா' என்று நோயாளிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், நல்ல தமிழ்.

ஆள் பெயராகவும் டீன் இருக்கிறதே?

அதில் இரண்டு வேர் கலந்திருக்கிறது. ஒன்று நம் டீன். மற்றொன்று பழைய ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கைக் குறிக்கும் வேறு சொல், இங்கிலாந்தின் டீன் காடு என்ற பெயரில் இருப்பது அதுதான் என்பார்கள். பள்ளத்தாக்கில் குடியிருந்தவர் குடும்பமும் டீன், டீனிடம் வேலை பார்த்தவர் குடும்பமும் டீன். ஆகவே 1986 செப்டம்பரில் சேப்பாக்கம் வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ரன் அடித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றிக்கொண்ட ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் டீன் ஜோன்ஸின் பெயர் பத்தா பள்ளத்தாக்கா என்று கேட்டால் பிரித்துச் சொல்ல வழியில்லை. அந்த டெஸ்ட் போட்டியும் 'டை' ஆகிச் சமனில்தான் முடிந்தது.